கேம்பஸ் எச்சரிக்கை போய்ச் சேரவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஒரு பெரிய கல்லூரி வளாகத்தில் அவசர எச்சரிக்கை நான்கைந்து வழிகளில் போகிறது: எஸ்எம்எஸ், மொபைல் ஆப், வாட்ஸ்ஆப், ஒலிபெருக்கி, தீ எச்சரிக்கை ஹூட்டர். எஸ்எம்எஸ் கணினி மையத்தின் பொறுப்பு, ஸ்பீக்கர் எலக்ட்ரிக்கல் பிரிவின் பொறுப்பு, ஹூட்டர் எஸ்டேட் அலுவலகத்தின் பொறுப்பு, வாட்ஸ்ஆப் குழு வார்டன் கையில். பழுது என்று வந்தால் ஒவ்வொரு பிரிவும் தன் பக்கம் எல்லாம் சரி என்று காட்டும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் நான்காம் மாடியில் ஒரு பிள்ளைக்குச் செய்தி போயிருக்காது.

அதனால் தேடுதலை அனுப்பிய கணினியில் தொடங்க வேண்டாம், செய்தி கிடைக்காத ஆளிடம் தொடங்குங்கள். யாருக்கு வரவில்லை, அப்போது எங்கே இருந்தார், மணி என்ன என்று இந்த மூன்றையும் பத்துப் பேரிடமாவது கேட்டு எழுதிக்கொண்டு, கீழே பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள்.

எஸ்எம்எஸ் ஒருவருக்கும் வரவில்லை. திரையில் மட்டும் "சப்மிட்டட்" என்கிறது

"சப்மிட்டட்" என்றால் உங்கள் கணினி கேட்வேயிடம் (எஸ்எம்எஸ்ஸை மொத்தமாக அனுப்பித் தரும் நிறுவனத்தின் கணினியிடம்) கொடுத்துவிட்டது என்று மட்டுமே பொருள். டெலிவரி ரிப்போர்ட்டை இறக்கி அதில் உள்ள பிழைக் குறிப்பைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பிழை இருந்தால் அநேகமாக டிஎல்டி பதிவில்தான் (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோர் தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் செய்யும் பதிவு) சிக்கல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி நிறுவனம், ஆறெழுத்து ஹெடர் (அனுப்புநர் பெயராகத் தெரிவது), செய்தி வாசகம் (டெம்ப்ளேட்) மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அனுப்பும் வாசகம் பதிவான டெம்ப்ளேட்டோடு பொருந்தாவிட்டால் தொலைபேசி நிறுவனம் அதை அங்கேயே நிறுத்திவிடும்.

பொருந்தாமல் போக நான்கு காரணங்கள் அடிக்கடி வருகின்றன.

ஒன்று, அவசரத்தில் யாரோ ஒரு சொல்லை மாற்றியிருப்பார். "வெளியேறவும்" என்று பதிந்ததை "வெளியேறுங்கள்" என்று அனுப்பினால் போதும், நின்றுவிடும்.

இரண்டு, மாறும் பகுதிக்கான இடம் போதவில்லை. ஒரு வேரியபிளுக்கு 30 எழுத்துக்குறி வரைதான். "புதிய வேதியியல் ஆய்வகக் கட்டடம்" என்று எழுதினால் 31 ஆகிவிடுகிறது (எண்ணும் முறை அடுத்த பகுதியில்). கட்டடங்களுக்குச் சுருக்கப் பெயர் வைத்து, அந்தப் பட்டியலை அனுப்பும் மேசையில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத பிழை. தமிழில் "கொ" என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும், அகலமில்லாத இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். தீர்வு எளிது: டிஎல்டி தளத்தில் ஒப்புதலான வாசகத்தை அங்கிருந்தே நகலெடுத்து அனுப்பும் மென்பொருளில் வையுங்கள், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். வாசகத்தைப் பதியும்போதும் அனுப்பும்போதும் யூனிகோட் என்எஃப்சி வடிவுக்கு (ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கும் வடிவம்) மாற்றும்படி மென்பொருள் எழுதுபவரிடம் சொல்லுங்கள்.

நான்கு, செய்தியில் இணைப்பு இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் முன்கூட்டிப் பதியாத இணைப்பு உள்ள செய்தி போகாது. அவசரச் செய்தியில் இணைப்பே வேண்டாம் என்பது என் கருத்து. தீ விபத்தில் யாரும் இணைப்பைத் திறந்து படிக்கப் போவதில்லை.

பகலில் போய் இரவில் போகாவிட்டால் டெம்ப்ளேட்டின் வகையைப் பாருங்கள். விளம்பர வகையில் பதிந்திருந்தால் இரவில் தடைபடும், டிஎன்டி எண்களுக்கும் (விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவை) போகாது. சேவை வகையில் புதிதாகப் பதியுங்கள்.

ஆங்கிலத்தில் சீக்கிரம் போகிறது, தமிழில் அனுப்பினால் அரை மணி நேரம் ஆகிறது

ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறியீடுகள்தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் 67தான் கிடைக்கும். இங்கே குறியீடு என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. "வெள்ளம்" என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போனுக்கு ஏழு: வகரம், எகரக் குறி, ளகரம், புள்ளி, ளகரம், மகரம், புள்ளி. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் கணக்கில் சேரும்.

இந்தச் செய்தியை எண்ணிப் பாருங்கள்:

"தீ: ஏ பிளாக். உடனே வெளியேறவும். மைதானத்துக்கு வரவும்."

இது 53. இதோடு " லிஃப்ட் வேண்டாம்." என்று சேர்த்தால் 71. ஒரே ஒரு முற்றுப்புள்ளி மிஞ்சி, ஒரு செய்தி இரண்டாகிவிடுகிறது. கடைசிப் புள்ளியை எடுத்தால் சரியாக 70. கல்லூரிப் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தால் முதலில் அதற்கான இடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் எழுதுங்கள்.

துண்டுகள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வளாகத்தில் 12,000 எண்கள், கேட்வே வினாடிக்கு 20 செய்தி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டுச் செய்தி 10 நிமிடத்தில் முடியும். மூன்று துண்டு என்றால் 36,000 செய்திகள், 30 நிமிடம். பட்டியல் பதிவெண் வரிசையில் இருந்தால் கடைசிச் சேர்க்கை மாணவர்கள் எப்போதும் கடைசியில்தான் பெறுவார்கள். செய்தியைச் சுருக்குங்கள், கேட்வே நிறுவனத்திடம் வினாடி வேகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஆபத்து நடக்கும் கட்டடத்தின் பட்டியல் முதலில் போகும்படி பிரித்துவையுங்கள்.

ஆங்கிலச் செய்தியும் திடீரென்று மெதுவானால் அதில் ஒரு வளைந்த மேற்கோள் குறியோ நீளக் கோடோ நுழைந்திருக்கும். அந்த ஒரு குறி போதும், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

சிலருக்கு மட்டும் வரவே இல்லை

இங்கே பழுது பட்டியலில். முதலாண்டு மாணவர்களா என்று பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் பெரும்பாலும் அப்பாவின் எண்தான் இருக்கும். ஹாஸ்டலில் தீ என்ற செய்தி ஊரில் வயலில் நிற்கும் தகப்பனுக்குப் போய், பிள்ளைக்குப் போகாது. வகுப்புகள் தொடங்கிய முதல் வாரத்தில் மாணவரின் சொந்த எண்ணை ஓடிபி போட்டுச் சரிபார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி செய்யுங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

அடுத்து, பட்டியலில் இடமே இல்லாதவர்கள். மெஸ் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஒப்பந்த வாட்ச்மேன்கள், புதுக் கட்டடத்தில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள். அதிகாலை நான்கு மணிக்கு வளாகத்தில் விழித்திருப்பவர்கள் இவர்கள்தான், கேஸ் சிலிண்டருக்கு அருகில் நிற்பவர்களும் இவர்கள்தான். ஒப்பந்தக்காரரின் ஒரே எண்ணைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது பெரிய தவறு. ஆள் மாறும்போதெல்லாம் எண் பட்டியல் தருவதை ஒப்பந்த நிபந்தனையில் எழுதுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தி, ஒடியா, வங்காளம் என்று அவரவர் மொழியில் இருபது வினாடிக் குரல் பதிவு முன்பே செய்து வையுங்கள்.

வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் பட்டியலில் சிலருக்கு மட்டும் வரவில்லை என்றால், அனுப்பும் எண்ணை அவர்கள் சேமித்திருக்க மாட்டார்கள். சேமிக்காதவர்களுக்கு பிராட்காஸ்ட் போகாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கவும் முடியும். நிர்வாகி மட்டும் பதிவிடும் குழு இதைவிட நல்லது. அங்கேயும் செய்தியைப் படமாகப் போடாதீர்கள். பார்வையற்ற மாணவரின் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும், போஸ்டரை வாசிக்காது.

செய்தி வந்திருக்கிறது, ஆனால் யாரும் பார்க்கவில்லை

ஆப் என்றால் நான்கு இடம் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கலாம். ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் அனுமதியுங்கள். அமைப்புக்குள் போய் "ஃபோர்ஸ் ஸ்டாப்" கொடுத்திருந்தால் மறுபடி திறக்கும்வரை எந்த அறிவிப்பும் வராது. அவசர அறிவிப்புக்குத் தனிச் சேனல், தனி ஒலி இருக்க வேண்டும்; மதிப்பெண் அறிவிப்பும் தீ அறிவிப்பும் ஒரே ஒலியில் வந்தால் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே அமைதியாக்கிவிடுவார்கள். ஐபோனில் சைலன்ட்டை மீறி ஒலிக்க ஆப்பிளின் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் மென்பொருள் நிறுவனம் "எல்லா போனிலும் ஒலிக்கும்" என்று சொன்னால் ஒரு ஐபோனை சைலன்ட்டில் வைத்து அவர்கள் முன்னாலேயே சோதியுங்கள்.

பேரிடர் நேரத்தில் போன் முழுவதும் அலறும் அரசு எச்சரிக்கை வேறு வகை. அது எண்ணுக்கு வருவதில்லை, செல் கோபுரத்திலிருந்து பரப்பப்படுகிறது. 2023இல் நாடு முழுக்கச் சோதித்ததும் அதுதான். கல்லூரி அதை அனுப்ப முடியாது. போனில் "வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்" அமைப்பு அணைந்திருக்கிறதா என்று முதலாண்டு அறிமுக நாளில் எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் கல்லூரிகளில் இதைவிடப் பெரிய ஓட்டை தேர்வு மண்டபம். 600 பேர் எழுதுகிறார்கள், ஒருவர் கையிலும் போன் இல்லை. போன்கள் வெளியே பையில் அதிர்ந்துகொண்டிருக்கும். கண்காணிப்பாளரின் போனும் பெரும்பாலும் அணைந்திருக்கும். ஆய்வகம், நூலக அமைதி அறை, ஆடிட்டோரியம் எல்லாவற்றுக்கும் இதே நிலை. இந்த அறைகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இன்டர்காம் இருக்க வேண்டும். அது அடிக்கிறதா என்று தேர்வு நாளன்று காலையில் ஒரு முறை அழைத்துப் பாருங்கள். இன்டர்காம் இல்லாத மண்டபத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவசர மணியும் தேர்வு மணியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து மாணவர்கள் தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பீக்கர் சத்தம் குறைவு, அல்லது ஒரு பகுதியில் இல்லவே இல்லை

வளாக ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் ஓடுபவை: ஒரே நீள வயரில் பல ஹாரன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், அது எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்புதான் டேப். வருடா வருடம் யாரோ இரண்டு ஹாரன் கூடுதலாக மாட்டுவார்கள், ஆம்ப்ளிஃபயர் மாறாது. கூட்டிப் பாருங்கள். 250 வாட் ஆம்ப்ளிஃபயரில் 15 வாட் டேப்பில் 16 ஹாரன் என்றால் 240 வாட், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. இன்னும் நான்கு மாட்டினால் 300 வாட். ஆம்ப்ளிஃபயர் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், சரியாக நீண்ட அறிவிப்பின் நடுவில். மொத்தச் சுமை ஆம்ப்ளிஃபயர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

லைனை அளக்க இம்பீடன்ஸ் மீட்டர் (மாறுமின்னோட்டத்துக்கு லைன் தரும் தடையை அளப்பது) வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக் கம்பியை மட்டும் அளந்து மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி லைன் ஷார்ட் என்று முடிவு செய்யாதீர்கள். 250 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 100 வோல்ட்டில் 40 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. கீழே போனால் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி அளங்கள். எண் திடீரென்று உயரும் பகுதியில்தான் கோளாறு, பெரும்பாலும் மழை நீர் புகுந்த ஜங்ஷன் பெட்டியில். சுமை மட்டும்தான் சிக்கல் என்றால் டேப்பை 15இலிருந்து 7.5 வாட்டுக்கு இறக்குங்கள். திறன் பாதியானாலும் ஒலி 3 டெசிபெல்தான் குறையும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

வகுப்பறையில் மட்டும் கேட்கவில்லை என்றால் சுவரில் உள்ள ஒலிக் குமிழைப் பாருங்கள். யாரோ பூஜ்யத்தில் வைத்திருப்பார். அவசர அறிவிப்பு அந்தக் குமிழைத் தாண்டி முழு ஒலியில் வர, ஓவர்ரைடு ரிலே உள்ள குமிழும் அதற்கான கூடுதல் வயரும் தேவை. பல இடங்களில் குமிழ் சரியான வகையாகவே இருக்கும், கூடுதல் வயரை மட்டும் இணைக்காமல் விட்டிருப்பார்கள்.

சத்தம் இருக்கிறது, சொல் புரியவில்லை என்றால் ஒலியைக் கூட்டாதீர்கள். ஒலி வினாடிக்கு சுமார் 350 மீட்டர் போகிறது. நடுவில் நிற்காமல் ஒரு ஹாரனுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு 100 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஹாரனின் சொல் கிட்டத்தட்ட 0.3 வினாடி பிந்தி வந்து முதல் சொல்லின் மேல் விழும். குறைந்த சக்தியில் அதிக ஸ்பீக்கர் வைப்பது நல்லது. அது முடியும்வரை அறிவிப்பவர் சொல்லுக்குச் சொல் நிறுத்தி, நான்கைந்து சொல்லுக்கு மேல் போகாத வாக்கியங்களில், ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லட்டும்.

பேனலில் அலாரம், பிளாக்கில் ஹூட்டர் மௌனம்

தீ எச்சரிக்கைப் பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறதா பாருங்கள். பெயின்ட் அடிக்கவோ வெல்டிங் செய்யவோ அந்த ஸோனை (பேனலில் தனியாகக் காட்டப்படும் பகுதியை) முடக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப இயக்காமல் விடுவதுதான் முதல் காரணம். முடக்குபவர் பெயர், நேரம், திரும்ப இயக்க வேண்டிய நேரம் மூன்றையும் பேனல் கதவிலேயே ஒட்டும் பழக்கம் வேண்டும். விளக்கு இல்லை என்றால் ஹூட்டர் லைனின் ஃபியூஸ், பிறகு லைன் முடிவில் உள்ள ரெசிஸ்டர். அதன் மதிப்பு பேனல் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். காது கேளாத மாணவர் தங்கும் அறையில் ஹூட்டரோடு மின்னும் விளக்கும் அவசியம், அதோடு அறைத்தோழர் ஒருவருக்கு எழுப்பும் பொறுப்பு.

எல்லாக் கருவியும் வேலை செய்தது, செய்தி மட்டும் தாமதமாகக் கிளம்பியது

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை சுமார் 7.15க்கு விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் 9.26க்குப் போனது. 9.40 வாக்கில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்தில் சுடத் தொடங்கினார். மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் மின்னஞ்சல் சர்வர் சரியாகவே இருந்தது. அனுப்பலாமா, என்ன எழுதலாம் என்ற முடிவுதான் வரவில்லை.

உங்கள் இடத்தில் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இரவு 2 மணிக்கு ஹாஸ்டலில் தீ, பதிவாளர் போன் எடுக்கவில்லை, அனுப்பும் அதிகாரம் யாருக்கு? பதில் ஐந்து வினாடியில் வராவிட்டால் அதுதான் பழுது. பணியில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரி யாரையும் கேட்காமல் அனுப்பக்கூடிய நிகழ்வுகளைத் துணைவேந்தர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்: தீ, கேஸ் கசிவு, ஆயுதத்தோடு ஆள், வெள்ளம். ஷிஃப்டுக்கு இரண்டு பேராவது லாகின் தெரிந்தவர்கள் இருக்கட்டும். ஓடிபி ஒருவர் போனுக்கு மட்டும் வருகிற லாகினை உடனே மாற்றுங்கள்.

தவறான எச்சரிக்கை போய்விட்டது

2018 ஜனவரி 13 காலை ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற தவறான எச்சரிக்கை எல்லார் போனிலும் வந்தது. தவறு என்ற செய்தி அதே வழியில் வர 38 நிமிடம் ஆனது. நம் ஊரில் இது இன்னும் நீளும், ஏனென்றால் திருத்தத்துக்கும் டிஎல்டி டெம்ப்ளேட் வேண்டும். "முந்தைய எச்சரிக்கை தவறு. ஆபத்து இல்லை." என்பதையும் "ஆபத்து நீங்கியது. திரும்பலாம்." என்பதையும் இன்றே பதிந்து வையுங்கள். சோதனைச் செய்திப் பட்டன் நிஜப் பட்டனுக்குப் பக்கத்தில், அதே நிறத்தில் இருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தவறான கேட்டுக்கு

மாணவர் 108க்கோ 112க்கோ நேராக அழைக்கிறார், பாதுகாப்பு அறைக்குத் தெரியாது, பின் கேட் பூட்டியிருக்கிறது. அழைக்கும் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம், அவர் செய்தது சரி. ஒவ்வொரு அறைக் கதவின் உள்பக்கமும் பிளாக் பெயர், தளம், எந்த கேட், பாதுகாப்பு அறை எண் என நான்கு வரி ஒட்டுங்கள். எல்லா கேட் சாவியின் நகலும் பாதுகாப்பு அறையில் தொங்கட்டும்.

புயல் மழை: கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை

2016 வர்தா, 2023 மிக்ஜாம் இரண்டிலும் சென்னையில் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும் மேலே சொன்ன எஸ்எம்எஸ், ஆப், வாட்ஸ்ஆப் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அதனால் வானிலை எச்சரிக்கை வந்த மாலையே, சிக்னல் இருக்கும்போதே, நாளை எங்கே கூடுவது, சாப்பாடு எங்கே, எந்த நேரத்தில் ஆள் வந்து அறிவிப்பார் என்று அனுப்பிவிடுங்கள்.

ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயர் தரைத்தளத்தில் இருந்தால் முதல் மாடிக்கு மாற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரியை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உண்மையான அறிவிப்புச் சுமையில் ஓட்டி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று செப்டம்பரிலேயே பாருங்கள். வெப்பமான அறையில் லெட் ஆசிட் பேட்டரி மூன்று வருடத்திலேயே சோர்ந்துவிடும்.

வாக்கிடாக்கி வாங்கினால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைதிறன் கருவிக்கு உரிமம் தேவையில்லை; மற்றவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். குறைதிறன் கருவி கான்கிரீட் கட்டடங்களுக்குள் சீக்கிரம் அறுந்துவிடும், எனவே பிளாக்குக்குப் பிளாக் நடந்து, எங்கே அறுகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளாக்குக்கு ஒரு கை மெகாஃபோன் வாட்ச்மேன் அறையில் இருக்கட்டும். அதை வைக்கும்போது செல்களைக் கழற்றி, கைப்பிடியில் கட்டிய பாலித்தீன் உறையில் போடுங்கள். உள்ளேயே விட்டால் மழைக்காலம் வருவதற்குள் செல் கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடித்திருக்கும். புதுச் செல் போட்டாலும் பேசாது. பிடித்துவிட்டால் உப்புத்தாளால் ஸ்பிரிங்கையும் எதிர்ப்பக்கத் தகட்டையும் பளபளக்கும்வரை தேய்த்து, செல்லைப் போட்டு, வராந்தா கடைசியில் ஒருவரை நிறுத்திப் பேசிப் பாருங்கள்.